சூரன்தான் சாத்தானா?



ஐப்பசி மாதத்து வளர்பிறைச் சஷ்டியன்று முருகன் கோயில் வீதிகளில் சூரன்போர் நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். உங்களுள் பலர் சிறு வயதில் அயல்வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து சென்று, ஓர் ஓரத்தில் நின்றாவது அதைப் பார்த்திருப்பீர்கள். இளைஞர்கள் சூரனின் பெரிய உருவத்தைத் தோளிலே தூக்கி, முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு ஓடுவார்கள். யானைத் தலை விழும். சிங்கத் தலை விழும். பிறகு சூரனின் சொந்தத் தலை. பிறகு ஒரு மாங்கொப்பு. கடைசியில் சேவலும் மயிலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு தாயார் என்னிடம் வந்து சொன்னார்: “சுவாமி, என்ரை மகன் பக்கத்து வீட்டுப் பிள்ளையளோடை சூரன்போர் பாத்திட்டு வந்து, ‘அம்மா, சூரன்தான் சாத்தானோ?’ எண்டு கேட்டான். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். பிறகு, ‘அப்ப முருகன் ஆர்? சம்மனசோ?’ எண்டு கேக்கிறான். எனக்குப் பதில் தெரியேல்லை. மாமியார் சொல்லுறா, அது எல்லாமே பேய்க் கூத்து, பிள்ளையை அங்கை விடாதை எண்டு.”

ஒரே வீட்டில் இரண்டு பதில்கள். தாயாரின் பதிலின்படி சூரன் சாத்தான். பாட்டியாரின் பதிலின்படி சூரனும் பேய், அவனை வென்றவரும் பேய். இவ்விரண்டும் சரியல்ல என்பதையே இக்கட்டுரையில் உங்களோடு சேர்ந்து படிக்க விரும்புகிறேன். இது வெறும் அறிவு விளையாட்டு அன்று. நம் பிள்ளை நாளை அதே அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கப் போகிறான். “உங்கடை சாமி பேய்” என்று அவன் சொல்லிவிட்டால், அந்த வார்த்தையை எந்தப் பாவசங்கீர்த்தனத்தாலும் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியாது.

கந்தபுராணம் சொல்வது என்ன?

முதலில் கதையை அதன் சொந்தக்காரர் சொல்கிறபடி கேட்போம். காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் 10,000க்கு மேற்பட்ட பாடல்களில் பாடிய கந்தபுராணம், யாழ்ப்பாணத்துச் சைவ மக்களின் வாழ்வில் ஊறிய நூல். கோயில்களில் ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றொருவர் பொருள் சொல்ல, ஊரார் இருந்து கேட்கும் புராணபடனம் தலைமுறை தலைமுறையாக நடந்து வருவது. இங்கே சூரன்போருக்கு இவ்வளவு கூட்டம் சேர்வதும் இதனாலேயே.

அந்த நூலின்படி சூரபன்மனின் தந்தை யார்? காசிப முனிவர். தேவர்களின் தந்தையும் அவரே! தாய் மாயை என்னும் அசுர குலத்துப் பெண். ஆகவே சூரனும் இந்திரனும் ஒரு தந்தையின் பிள்ளைகள். புராணங்கள் பொதுவாகவே இந்த உறவை வற்புறுத்துகின்றன. காசிபருக்கு அதிதி வயிற்றில் பிறந்தோர் ஆதித்தர்; திதி வயிற்றில் பிறந்தோர் தைத்தியர்; தனு வயிற்றில் பிறந்தோர் தானவர். தேவாசுரப் போர் என்பது முழுக்க முழுக்க ஒரு குடும்பச் சண்டை. முதுசக் காணிக்காக அண்ணன் தம்பியர் வழக்குப் பேசுவதைப் பார்த்த நமக்கு இது விளங்கக் கடினமில்லை.

அடுத்ததாக, சூரன் கடவுளை மறுத்தவன் அல்லன். கடுந்தவமும் பெருவேள்வியும் செய்து சிவபெருமானிடமே வரம் பெற்றவன். 1008 அண்டங்களை 108 யுகங்களுக்கு ஆளும் வரம் அது. வரம் கிடைத்ததும் தலை நிமிர்ந்தது. தென்கடலில் வீரமகேந்திரபுரம் என்னும் நகரை அமைத்து ஆண்டான்; தேவர்களை ஏவலாளராக்கி மீன் சுமக்க வைத்தான்; இந்திரன் மகன் சயந்தனைச் சிறையிட்டான்.

தேவர்கள் பாவம், ஒன்றும் அறியாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். நூலின் கடைசிப் பகுதியான தட்ச காண்டம் அவர்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. சிவனை அவமதித்துத் தக்கன் நடத்திய வேள்விக்குப் போய், அங்கே அவிப்பாகம் உண்டவர்கள் இந்தத் தேவர்கள். அதன் பலனையே சூரன் கையால் அனுபவித்தார்கள் என்கிறார் கச்சியப்பர். ஒரு பக்கம் முழு வெள்ளை, மறு பக்கம் முழுக் கறுப்பு என்ற பிரிவினை இங்கே இல்லை.

போரின் உச்சத்தில் வரும் ஒரு காட்சியை நான் எத்தனை தடவை படித்தாலும் அங்கே சற்று நின்றுவிடுவேன். முருகன் தன் பேருருவைச் சூரனுக்குக் காட்டுகிறார். சிறு பிள்ளையென்று எண்ணி ஏளனம் செய்தவன், அந்த உருவைக் கண்டு மெய்சிலிர்க்கிறான். வலம் வரவேண்டும், வணங்கவேண்டும் என்று மனம் உருகுகிறான். தன்னைத் தடுப்பது மானம் ஒன்றே என்றும் உணர்கிறான். பேருரு மறைகிறது. மறைந்தவுடன் பழைய கோபம் திரும்பி வந்துவிடுகிறது. பின்னர் அவன் கடல் நடுவே மாமரமாகி நிற்க, வேல் அதை இரு கூறாகப் பிளக்கிறது. ஒரு கூறு சேவலாகவும் மறு கூறு மயிலாகவும் பாய்ந்து வர, சேவல் கொடியாகிறது, மயில் வாகனமாகிறது.

சைவர்கள் இதை அழிப்பு என்று சொல்வதில்லை; ஆட்கொள்ளுதல் என்கிறார்கள்.

ஒரு சொல்லின் நீண்ட பயணம்

இனி ‘அசுரன்’ என்ற சொல்லைப் பார்ப்போம். இதன் வரலாறு வியப்பானது. இருக்கு வேதத்தின் பழைய பாடல்களில் ‘அசுர’ என்பது திட்டும் சொல் அல்ல. ‘அசு’ என்றால் உயிர், மூச்சு. ஆற்றல் மிக்க தலைவன் என்ற பொருளில் வருணனையும் வேறு பல தேவர்களையும் அச்சொல்லால் போற்றியிருக்கிறார்கள். ‘தேவ’ என்பதோ ஒளிர்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. நம் திருச்சபையின் இலத்தீன் செபங்களில் இறைவனைக் குறிக்கும் ‘தேயுஸ்’ என்ற சொல்லும் அதே வேரின் கிளையே.

காலப்போக்கில் வேத மக்களிடையே அசுரர் என்பது பகைவர் பெயராயிற்று. அயலிலிருந்த பழைய ஈரானியரிடையே நடந்தது இதற்கு நேர்மாறு. சரத்துஸ்திரரின் மார்க்கத்தில் உயர்ந்த இறைவன் பெயர் ‘அகுர மஸ்தா’. ‘அகுர’ என்பது ‘அசுர’ என்பதன் ஈரானிய வடிவம். அங்கே ‘தய்வ’ என்றால் பேய். ஒரே மொழிக் குடும்பத்தில் பிறந்த இரு சகோதர மக்கள். ஒருவரின் வணக்கச் சொல் மற்றவரின் வசைச் சொல்லாகிவிட்டது.

பிற்காலத்தார் ‘அசுரர்’ என்பதை ‘சுரர் அல்லாதவர்’ என்று பிரித்துப் பொருள் கண்டார்கள். வான்மீகி இராமாயணத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான விளக்கம் உண்டு. பாற்கடலில் தோன்றிய வாருணி என்னும் மதுத் தேவதையை, அதாவது சுரையை, ஏற்றவர்கள் சுரர்; ஏற்காதவர்கள் அசுரர். அப்படியானால் மது ஒழிப்புச் சங்கத்துக்கு அசுரரையே தலைவராக்க வேண்டியிருக்கும்!

இராட்சதர் என்போர் இன்னொரு வகையினர். ‘ரக்ஷ்’ என்றால் காத்தல். பிரமன் நீரைப் படைத்து அதற்குக் காவலாக உயிர்களைப் படைத்தபோது, காப்போம் என்றவர்கள் இராட்சதராயினர் என்று இராமாயண உத்தர காண்டம் கூறுகிறது. இராவணன் புலத்திய முனிவரின் பேரன், வேதம் கற்றவன், திருகோணமலைக் கோணேசர் மலையோடு ஐதீகத்தில் இணைந்தவன். அவன் தம்பி விபீடணனைக் களனி விகாரையில் சிங்கள பௌத்தர்கள் இன்றும் காவல் தெய்வமாக வணங்குகிறார்கள். அரக்கர் குலத்தவரெல்லாம் தீயோர் என்றால் இதற்கு இடமேது? இரணியன் மகன் பிரகலாதனும், அவன் பேரன் மகாபலியும் அசுரரே. மகாபலியை வரவேற்கவே கேரளத்தார் ஓணம் கொண்டாடுகிறார்கள்.

நம் தமிழில் ‘சூர்’ என்று தனியே ஒரு பழஞ்சொல் உண்டு. அச்சம் என்றும், மலையிலும் சுனையிலும் உறைந்து அச்சுறுத்தும் தெய்வம் என்றும் அதற்குப் பொருள். முருகன் சூரைத் தடிந்த செய்தி சங்கப் பாடல்களிலேயே வருகிறது. வடமொழி அசுரன் பின்னால் வந்து இந்தச் சூரோடு கலந்துகொண்டான் போலும்.

மூன்று ‘த’கரங்கள்

தேவர் அசுரர் என்பது உண்மையில் யாரைக் குறிக்கிறது? இந்து ஞானிகளே இக்கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பிருகதாரணியக உபநிடதத்தில் ஓர் அழகிய கதை இருக்கிறது. பிரசாபதியின் பிள்ளைகளான தேவரும் மனிதரும் அசுரரும் அவரிடம் மாணவராய் இருந்து, முடிவில் உபதேசம் கேட்கிறார்கள். மூவருக்கும் அவர் ‘த’ என்ற ஒரே எழுத்தைத்தான் சொல்கிறார். தேவர்கள் அதை ‘தாம்யத’, அடங்குங்கள் என்று விளங்கிக்கொள்கிறார்கள். மனிதர்கள் ‘தத்த’, கொடுங்கள் என்று விளங்குகிறார்கள். அசுரர்கள் ‘தயத்வம்’, இரக்கம் காட்டுங்கள் என்று விளங்குகிறார்கள். மூவரையும் பார்த்து, சரியாக விளங்கிக்கொண்டீர்கள் என்கிறார் பிரசாபதி.

அவரவர் குறை எதுவோ, அதுவே அவரவர் காதில் விழுந்த கட்டளை. சுகத்தில் மிதப்பவனுக்கு அடக்கம், பொருளாசை பிடித்தவனுக்கு ஈகை, கொடியவனுக்கு இரக்கம். இதற்கு உரை எழுதிய சங்கரர், தேவரும் அசுரரும் மனிதருக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று கொள்ளலாம் எனவும் கூறுகிறார். பகவத் கீதையின் 16ஆம் அதிகாரமும் தெய்வ இயல்பு, அசுர இயல்பு என்று மனிதரின் குணங்களையே பிரித்துக் காட்டுகிறது.

ஈழத்துச் சைவர்கள் போற்றும் சைவ சித்தாந்தம் இன்னும் தெளிவானது. அதன்படி பதி ஒருவரே, அவர் கடவுள். தேவரும் அசுரரும் மனிதரும் புழுவும் பசுக்கள், அதாவது கட்டுண்ட உயிர்கள். இந்திரன் என்பது ஓர் ஆளின் பெயரைவிட ஒரு பதவியின் பெயர் என்றே சொல்லலாம். நூறு அசுவமேதம் முடித்தவன் அதில் அமரலாம். புண்ணியம் தீர்ந்தால் இறங்க வேண்டியதுதான். உயிரைக் கட்டியிருப்பது பேயல்ல, ஆணவம். செம்பில் களிம்புபோல அது உயிரோடு ஒட்டியிருக்கிறது. சூரன் அந்த ஆணவத்தின் உருவம் என்றே சைவப் பெரியோர் பொருள் சொல்வார்கள்.

இப்போது அந்தத் தாயாரின் இரண்டாவது தடுமாற்றம் தீரும். முருகன் சம்மனசு அல்லர். சைவர்களின் விசுவாசத்தில் அவர் தேவர்களில் ஒருவரும் அல்லர். சிவனின் நெற்றிக் கண்ணிலிருந்து ஆறு பொறிகளாய்த் தோன்றிய, சிவனுக்கு வேறல்லாதவர். அதை நாம் விசுவசிப்பதில்லை. ஆனால் அவர்கள் என்ன நம்புகிறார்கள் என்பதைச் சரியாகச் சொல்வது நாம் அவர்களுக்குக் காட்டவேண்டிய குறைந்தபட்ச நேர்மை.

நம் பக்கத்துக் கதை

அகுரனும் அசுரனும் இடம் மாறியதைப் பார்த்துச் சிரிக்குமுன், நம் வேதாகமத்தைத் திறப்போம். அரசர்கள் ஆகமத்தில் எக்ரோன் நகரத்தார் வணங்கிய தெய்வம் ‘பாகால்செபூப்’. சுவிசேஷத்தில் பரிசேயர் வாயில் பேய்களின் தலைவனுக்கு வழங்கும் பெயர் ‘பெயல்செபூல்’. அயலூர்த் தெய்வம் நம் வீட்டில் பேயாகும் வழக்கம் ஈரானியருக்கு மட்டும் உரியதல்ல.

இன்னொன்று. புறவினத்தாரின் தெய்வங்களைப் பற்றிப் பேசும் சங்கீதம் ஒன்று உண்டு. எபிரேய எண்ணிக்கையில் அது 96. மூலத்தில் அத்தெய்வங்களைக் குறிக்கும் சொல்லுக்கு வெறுமையானவை, ஒன்றுக்கும் உதவாதவை என்பதே பொருள். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அங்கே ‘தைமோனியா’ என்று எழுதினார்கள். அது இலத்தீனுக்கு வந்தபோது பேய்கள் ஆயிற்று. நம் பழைய பிரசங்கங்களில் அயலவர் கோயில்களைப் பற்றி ஒலித்த கடுமையான வார்த்தைகளுக்கு இந்த மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். அர்ச். சின்னப்பரும் கொரிந்தியருக்கு எழுதும்போது, சிலை என்பது ஒன்றுமில்லை என்று 8ஆம் அதிகாரத்தில் சொல்லிவிட்டு, 10ஆம் அதிகாரத்தில் பேய்களின் பந்தியில் பங்குகொள்ள வேண்டாம் என்று எச்சரிக்கிறார். இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். வழிபாட்டில் பங்குகொள்ளுதல் வேறு. வீதியில் நின்று பார்த்தல் வேறு. அயலவரை இழிவுபடுத்துதல் இவ்விரண்டிலும் சேராது.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பிற சமயங்கள் பற்றிய அறிக்கை, இந்து சமயத்தவர் புராணக் கதைகளின் வளத்தாலும் தத்துவ ஆராய்ச்சியாலும் தெய்வீக மறைபொருளைத் தியானிக்கிறார்கள் என்று கூறி, அச்சமயங்களில் உள்ள உண்மையும் தூயதுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்றது. புராணங்களைப் பேய்க்கதை என்று அது சொல்லவில்லை என்பதைப் பாட்டியார் கவனிக்க வேண்டும்.

நம் செபச் சொற்களையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அண்டிறிக்கு அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட நூல் ‘தம்பிரான் வணக்கம்’. பின்னர் நம் முன்னோர் ‘சர்வேசுரன்’ என்றார்கள். சர்வ ஈசுவரன் என்பதன் மருவல் அது. தேவமாதா, தேவாலயம் என்கிறோம். குருவானவரைச் சுவாமி என்கிறோம். ‘பசாசு’ என்பதும் வடமொழிப் ‘பிசாசம்’, இந்துக் கதைகளில் பிணம் தின்னும் ஒரு வகை ஆவி. இன்றைய திருவிவிலியத்தில் உள்ள ‘அலகை’ திருக்குறளிலேயே உள்ள சொல். இத்தனை சொற்களை அயல்வீட்டிலிருந்து இரவல் வாங்கிய நம் முன்னோர், சாத்தானுக்கு ‘அசுரன்’ என்ற பெயரை மட்டும் வழமையாக்கவில்லை. அசுரன் வேறு, சாத்தான் வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

எங்கே வேறுபடுகிறது? 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், பசாசும் மற்றப் பேய்களும் இறைவனால் நல்லவையாகவே படைக்கப்பட்டுத் தம் செயலாலேயே தீயவையாயின என்று போதித்தது. தீமைக்கென்று நித்தியமான இன்னொரு கடவுள் இல்லை என்பது இதன் கருத்து. இதுவரை சைவரும் நாமும் ஒன்றாக நடக்கலாம். இதற்கு அப்பால் வழி பிரிகிறது. சாத்தான் உடலற்ற ஆவி; இறைவனைத் தெரிந்தே, முழு அறிவோடு மறுத்தவன். அந்தத் தெரிவுக்கு மாற்றமில்லை என்பது திருச்சபையின் போதனை. ஆணவம் ஆரம்பமில்லாதது என்கிறது சித்தாந்தம்; பாவம் மனித வரலாற்றில் நுழைந்தது என்கிறோம் நாம். சாயல் இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒன்றென்று சொல்வது இரு சமயத்துக்கும் செய்யும் அநீதி.

படத்திலேயே இதைப் பார்க்கலாம். அதிதூதர் மிக்கேல் சுருபத்தில் பறவைநாகம் காலடியில் மிதிபட்டுக் கிடக்கிறது. ஈட்டி அதன்மேல் இருக்கிறது. முருகன் படத்தில் காலடியில் இருக்கும் மயில், தோற்ற சூரனேதான். அவன் மிதிபடவில்லை, சுமக்கிறான்.

ஆகவே சூரனுக்கு ஒப்பாக நம் வேதாகமத்தில் ஒருவரைத் தேடினால், சாத்தானிடம் போகக்கூடாது. தமஸ்கு வீதிக்குப் போகவேண்டும். சவுல் கடவுளை மறுத்தவர் அல்லர், பக்தியில் வைராக்கியம் மிக்கவர். சபையைத் துன்புறுத்தியவர். ஒளியைக் கண்டு விழுந்தவர். அவரைப் பற்றி ஆண்டவர் அனனியாவுக்குச் சொன்னதென்ன? தம் பெயரைப் புறவினத்தார்முன் சுமந்து செல்லத் தாம் தெரிந்துகொண்ட கருவி அவர் என்று. பகைவன் சுமப்பவன் ஆகிறான். ஒரு வேற்றுமை: சூரன் ஒளி மறைந்ததும் பழைய கோபத்துக்குத் திரும்பினான், சவுல் கண் தெரியாமல் மூன்று நாள் உண்ணாமல் குடியாமல் இருந்தார். மேலும் சின்னப்பர் வரலாற்று மனிதர்; சூரன் புராணப் பாத்திரம்.

இவற்றைச் சுருக்கி அந்தத் தாயாருக்குச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். மகன் விடுவதாயில்லை. “அப்ப சாத்தானும் ஒரு நாளைக்கு மயிலாய் வருவானோ?” என்று கேட்டானாம்.

3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பேரறிஞர் ஒரிஜன் ஏறக்குறைய இதே திசையில் சிந்தித்தார். முடிவில் எல்லாம் இறைவனிடம் திரும்பும் என்று எதிர்பார்த்தார். பசாசும் மீட்படையும் என்ற கருத்தைத் திருச்சபை 6ஆம் நூற்றாண்டில் தள்ளிவிட்டது. மரணத்தின் பின் மனிதருக்கு மனந்திரும்புதல் இல்லாததுபோல, வீழ்ச்சியின் பின் சம்மனசுகளுக்கும் இல்லை என்றார் தமஸ்கு நகர அர்ச். அருளப்பர். ஆனால் உயிரோடு இருக்கும் எந்த மனிதனைப் பற்றியும் அப்படிச் சொல்லத் திருச்சபை யாருக்கும் உத்தரவு கொடுக்கவில்லை.

“சவுலின்ரை கதையையும் சொன்னன் சுவாமி,” என்றார் தாயார். “‘அவருக்கு ஆர் வேல் எறிஞ்சது?’ எண்டு கேக்கிறான்.”

அப்போஸ்தலர் பணி 9ஆம் அதிகாரத்தை இரவுச் செபத்தின் பின் அவனுக்கு வாசித்துக் காட்டும்படி சொன்னேன். பாட்டியாரையும் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொன்னேன்.